ஞாயிறு லீவு யாருக்கு? பணிமூப்புப் பட்டியலும் ஷிப்ட் தேர்வும்

2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தபால் ஊழியரின் ஞாயிற்றுக்கிழமை பற்றித் தீர்ப்பு வழங்கியது. ஜெரால்ட் கிராஃப் பென்சில்வேனியாவில் கிராமப்புறத் தபால் பட்டுவாடா வேலையில் இருந்தவர். ஞாயிறு தன் மதப்படி ஓய்வு நாள், அன்று வேலைக்கு வர முடியாது என்பது அவர் நிலை. வராத ஞாயிறுகள் கூடக் கூட ஒழுங்கு நடவடிக்கையும் கடுமையாகிக்கொண்டே போக, 2019 ஜனவரியில் வேலையை விட்டு விலகினார். அவர் தொடுத்த வழக்கில் கீழ் நீதிமன்றங்கள் தபால் துறையின் பக்கம் நின்றன. உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பினார்கள்.

இங்கிருந்து பார்க்கும் நமக்கு ஒன்று புரியாது. ஒருவருக்கு லீவு நாளை மாற்றிக் கொடுக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டுமா? சூப்பர்வைசர் மனது வைத்தால் முடிகிற காரியம்தானே?

அமெரிக்காவில் தொழிற்சங்கம் வலுவாக உள்ள பல வேலையிடங்களில் சூப்பர்வைசர் மனது வைத்தாலும் முடியாது. யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்கு எந்தக் கிழமை லீவு என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி ஒரு பட்டியலிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த தேதி வரிசையில் பெயர்களை அடுக்கிய பட்டியல். பணிமூப்பு என்றும், பேச்சில் சீனியாரிட்டி என்றும் நாம் சொல்வதற்கு அங்கே இப்படி ஒரு கூடுதல் வேலை உண்டு.

## பட்டியல் ஏன் வந்தது

அமெரிக்கக் கார் ஆலைகளில் ஒரு காலத்தில் ஆண்டுதோறும் புது மாடலுக்காக இயந்திரங்களை மாற்றும்போது ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆலை திரும்பத் திறக்கும்போது யாரை உள்ளே எடுப்பது என்பது ஃபோர்மேன் இஷ்டம். பல வருஷம் உழைத்தவர் கேட்டுக்கு வெளியே நிற்பார், ஃபோர்மேனுக்கு வேண்டியவர் உள்ளே போவார். மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில், 1936 டிசம்பர் 30 முதல் 1937 பிப்ரவரி 11 வரை, ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் 44 நாள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் பணிமூப்பு முறையும் ஒன்று. ரயில்வே தொழிலாளர்கள் இந்த முறைக்கு இன்னும் பல ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டார்கள்.

மூத்தவர் கூடுதல் திறமைசாலி என்ற வாதம் இதற்கு அடிப்படை இல்லை. சேர்ந்த தேதியை யாராலும் திருத்த முடியாது, யாருடைய முகத்தையும் பார்த்து அது மாறாது. அந்த ஒரு குணத்துக்காகத்தான் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பணிமூப்புப்படிதான் ஷிப்ட் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. ரயில்வேக்கு 1926இல் ஒரு சட்டம் வந்தது, 1936இல் அது விமான நிறுவனங்களுக்கும் விரிந்தது. மற்ற தனியார் துறைகளுக்கு 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம். இவை சங்கத்தோடு உட்கார்ந்து பேச நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்துகின்றன, அவ்வளவுதான். பேசி முடித்த கூட்டு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டால் பணிமூப்பு உரிமை உண்டு, எழுதப்படாவிட்டால் இல்லை. ஆகவே ஒரு ஆலையில் உள்ள விதி அடுத்த ஆலையில் இருக்காது.

நம்மூரில் பெரும்பாலான ஆலைகளில் ஷிப்ட் சுழற்சி முறையில் மாறும். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் நைட். சீனியாரிட்டி என்றால் நமக்குப் பதவி உயர்வும் ஆள்குறைப்பும்தான் நினைவுக்கு வரும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் தன் 25ஜி பிரிவில், கடைசியாக வந்தவரே முதலில் போக வேண்டும் என்பதைப் பொது விதியாக வைத்தது. அதே வரிசையைத் தினசரி வாழ்க்கைக்கும் இழுத்து வந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவில் பார்க்கலாம்.

## சில சொற்கள்

1. பிட்டிங். நிர்வாகம் கிடைக்கக்கூடிய வேலை நேரங்களை எல்லாம் ஒரு பட்டியலாக ஒட்டும். தொழிலாளர்கள் தங்கள் விருப்பத்தை வரிசைப்படி எழுதிக் கொடுப்பார்கள். நம்மூரில் ‘பிட்’ என்றால் பரீட்சை ஹாலுக்குள் ஒளித்துக்கொண்டு போவது, இது வேறு. ஏலத்தில் விலை கேட்பது போன்ற கேட்பு இது, பணத்துக்குப் பதில் சேர்ந்த தேதியை வைத்துக் கேட்பது.

2. லைன். அந்தப் பட்டியலின் ஒரு வரி. தொடங்கும் நேரம், முடியும் நேரம், வாரத்தில் எந்த இரண்டு நாள் லீவு, எந்த இடம் எல்லாம் அதில் இருக்கும். விமான ஊழியர்களுக்கு ஒரு மாதத்துக்கான பயணங்கள் மொத்தமும் ஒரு லைன்.

3. ரிசர்வ். லைன் கிடைக்காதவர்கள். கூப்பிட்டால் போக வேண்டும் என்று காத்திருப்பவர்கள். ரயில்வேயில் இதைப் போன்றதே ‘எக்ஸ்ட்ரா போர்டு’.

4. பம்பிங். ஒரு மூத்தவர் தன்னைவிட இளையவரின் ஷிப்டைக் கேட்டு, அவரை நகர்த்திவிட்டு அங்கே உட்காருவது. நகர்த்தப்பட்டவர் தனக்குக் கீழே உள்ளவரை நகர்த்துவார். இது ஓயாமல் நடந்தால் ஆலை ஓடாது என்பதால் இத்தனை மாதத்துக்கு ஒருமுறைதான் என்று ஒப்பந்தங்கள் வரம்பு வைக்கும்.

5. யூனிட். எந்த எல்லைக்குள் பணிமூப்பை எண்ணுவது என்பது. கம்பெனி முழுவதுமா, ஒரு ஆலையா, ஒரு துறையா, ஒரு கட்டடமா? இந்த ஐந்தில் இதுதான் முக்கியம், சண்டைகள் பாதி இங்கேதான் பிறக்கின்றன.

ஒரே நாளில் பத்துப் பேர் சேர்ந்தால் யார் மூத்தவர்? சில இடங்களில் வயது, சில இடங்களில் அரசு தந்த சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி இலக்கங்கள், சில இடங்களில் குலுக்கல். சேரும் நாளில் விழுந்த ஒரு சீட்டு அடுத்த முப்பது வருஷத்து தீபாவளியை, அதாவது அவர்களுடைய கிறிஸ்துமஸை, முடிவு செய்துவிடும்.

## 42 பேர் கணக்கு

வாரம் ஏழு நாளும், நாள் முழுதும் இயங்கும் ஒரு சரக்குக் கிடங்கை எடுத்துக்கொள்வோம். 42 பேர். எல்லா நாளும் வேலை ஒரே அளவு. ஒவ்வொருவருக்கும் அடுத்தடுத்து இரண்டு நாள் வார விடுமுறை.

அடுத்தடுத்த இரண்டு நாள் என்றால் ஏழு ஜோடிகள்தான் உண்டு: ஞாயிறு–திங்கள், திங்கள்–செவ்வாய் என்று சனி–ஞாயிறு வரை. ஒவ்வொரு ஜோடிக்கும் 6 பேர். எந்த நாளை எடுத்தாலும் 12 பேர் லீவு, 30 பேர் வேலையில், ஒரு ஷிப்டுக்கு 10 பேர். கணக்கு அழகாகப் பொருந்துகிறது.

இப்போது எல்லோரும் விரும்புவதைப் பாருங்கள். சனி–ஞாயிறு லீவு உள்ள லைன்கள் 6. அவற்றில் பகல் ஷிப்டில் இருப்பவை 2. ஆக 42 பேரில் இரண்டே பேருக்குத்தான் பகல் வேலையும் சனி–ஞாயிறு லீவும் சேர்ந்து கிடைக்கும். நிர்வாகம் நல்லதா கெட்டதா, சங்கம் பலமா பலவீனமா என்பதற்கும் இந்த 2க்கும் சம்பந்தமில்லை. எப்படிப் பங்கிட்டாலும் 40 பேர் எதையோ விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

பணிமூப்பு முறையில் பட்டியலின் முதல் இருவர் அந்த இரண்டு லைன்களை எடுப்பார்கள். மூன்றாமவருக்கு முன்னால் இப்போது ஒரு கேள்வி நிற்கும்: பகல் வேலையா, சனி–ஞாயிறா? பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ளவர் நைட் ஷிப்டை எடுத்துக்கொண்டு சனி–ஞாயிறைப் பிடிப்பார். தூக்கம் முக்கியம் என்பவர் செவ்வாய்–புதன் லீவோடு பகலில் இருப்பார். இரவுக்குக் கூடுதல் படி உண்டு என்றால் அதுவும் கணக்கில் வரும். நடுவில் உள்ளவர்களுக்குத்தான் இந்தத் தேர்வு எல்லாம். 42ஆம் ஆளுக்குத் தேர்வே இல்லை, மிஞ்சியதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

விமானிகள் விஷயத்தில் இது இன்னும் சுவாரசியம். எந்த ஊர், எந்த விமானம், கேப்டன் இருக்கையா துணை விமானி இருக்கையா என்று மூன்றும் பணிமூப்பால்தான் வரும். கேப்டனாகப் போனால் சம்பளம் கூடும், ஆனால் கேப்டன்கள் வரிசையில் அவர் கடைசி ஆள். ரிசர்வில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். துணை விமானியாகவே இருந்தால் அந்த வரிசையில் அவர் முதல் சிலரில் ஒருவர், பண்டிகை நாள் லீவு கையில் இருக்கும். கேப்டன் ஆகும் முறை வந்தும் வேண்டாம் என்று தள்ளிப்போடும் விமானிகள் இருப்பது இதனால்தான்.

## வரிசை எப்படி நகர்கிறது

மேலே ஒருவர் ஓய்வு பெற்றாலோ விலகினாலோ கீழே உள்ள அனைவரும் ஒரு படி ஏறுவார்கள். வேறு வழி இல்லை. அதனால் மேலே நடக்கும் சின்ன மாற்றம்கூடக் கடைசி ஆள் வரை போய் அடிக்கும்.

2007 டிசம்பர் 13 அன்று அமெரிக்க விமானிகளின் கட்டாய ஓய்வு வயதை 60இலிருந்து 65ஆக உயர்த்தும் சட்டம் கையெழுத்தானது. மூத்தவர்களுக்கு ஐந்து வருஷம் லாபம். கீழே இருந்தவர்களுக்கு? அந்தச் சட்டம் அவர்கள் சம்பளத்தில் ஒரு பைசாவைக் குறைக்கவில்லை, வேலையையும் பறிக்கவில்லை. ஆனால் மேலிருந்து இடம் காலியாவது பெரும்பாலும் நின்றுபோனது. ரிசர்வில் இருந்தவர் ரிசர்விலேயே இருந்தார்.

கம்பெனிகள் இணையும்போது நடப்பது இதைவிட மோசம். இரண்டு பட்டியல்களை ஒன்றாக்க வேண்டும். சேர்ந்த தேதிப்படி கோப்பதா, ஒரு பட்டியலின் கடைசியில் இன்னொன்றை ஒட்டுவதா? 2001இல் டிரான்ஸ் வேர்ல்டு ஏர்லைன்ஸ், சுருக்கமாக டிடபிள்யூஏ, அமெரிக்கன் ஏர்லைன்ஸின் கைக்குப் போனபோது அதன் விமானப் பணிப்பெண்கள் புதிய பட்டியலின் அடியில் ஒட்டப்பட்டார்கள். பல பத்தாண்டு பறந்தவரும், அமெரிக்கனில் நேற்றுச் சேர்ந்தவருக்குக் கீழே போனார். அதே ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் விமானத் தொழில் சுருங்கியது. ஆள்குறைப்பு பட்டியலின் அடியிலிருந்துதானே தொடங்கும்? 2003க்குள் டிடபிள்யூஏவிலிருந்து வந்த பணிப்பெண்கள் அனைவரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். இப்படி இனி நடக்கக்கூடாது என்று மிசூரி மாநிலத்தின் இரு செனட்டர்கள் கொண்டுவந்த விதி 2007இல் சட்டமானது: விமான நிறுவனங்கள் இணைந்தால் பட்டியல்களை நியாயமான, சமமான முறையில் கோக்க வேண்டும்.

நியாயம் என்பது யாருடைய நியாயம் என்ற சண்டையை அதுவும் தீர்க்கவில்லை. 2005இல் இணைந்த யுஎஸ் ஏர்வேஸ், அமெரிக்கா வெஸ்ட் இரண்டின் விமானிகளுக்கு 2007இல் ஒரு நடுவர் பட்டியல் தந்தார். பிடிக்காத தரப்பு தன் சங்கத்தையே மாற்றிக்கொண்டது. ஒரே பெயரில் பறந்த கம்பெனியில் இரு தரப்பும் ஆண்டுக்கணக்கில் தனித்தனிப் பட்டியலோடு வேலை செய்தார்கள்.

## எல்லைக் கோட்டில் விழுந்தவர்கள்

பட்டியலின் உள்ளே முறைப்படி எல்லாம் நடந்தாலும் பட்டியலை யார் எழுதினார், எங்கே கோடு போட்டார் என்பதைப் பொறுத்து ஒருவரின் வாழ்க்கை மாறிவிடும். உச்ச நீதிமன்றம் வரை போன நான்கு வழக்குகளைப் பார்க்கலாம், பக்கத்தில் இருப்பது தீர்ப்பு வந்த ஆண்டு.

ஸ்டீல், 1944. அலபாமாவில் ரயில் எஞ்சினின் நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் ஃபயர்மேனாக இருந்த இவர் கறுப்பினத்தவர். ஃபயர்மேன்களின் சங்கம் கறுப்பர்களை உறுப்பினராகச் சேர்க்காது, ஆனால் சட்டப்படி எல்லோருக்கும் சேர்த்து நிர்வாகத்தோடு பேசும். அது பேசி முடித்த ஒப்பந்தத்தால், ஸ்டீல் பார்த்துவந்த நல்ல பயணிகள் ரயில் வேலையில் அவருக்கு இளைய வெள்ளையர்கள் அமர்த்தப்பட்டார்கள். அவருக்குக் கடினமான, சம்பளம் குறைந்த வேலைகள் மிஞ்சின. உறுப்பினர் இல்லாதவருக்கும் சங்கம் நேர்மையாக நடந்துகொள்ளக் கடமைப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. இன்றும் அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தின் தூண்களில் ஒன்று இது.

லாரி டிரைவர்கள், 1977. கறுப்பரையும் ஸ்பானிய வம்சாவளியினரையும் பெரும்பாலும் உள்ளூர் லாரி ஓட்டுவது போன்ற சம்பளம் குறைந்த வேலைகளுக்கே எடுத்த ஒரு கம்பெனி. நெடுந்தூர லாரிக்கு மாற வேண்டுமானால் சேர்த்த பணிமூப்பை விட்டுவிட்டுப் புதுப் பட்டியலின் அடியில் நிற்க வேண்டும். உண்மையான பணிமூப்பு முறைக்கு 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் பாதுகாப்பு தருகிறது, பழைய பாகுபாட்டின் விளைவு அதில் தொடர்ந்தாலும் அந்த முறை சட்டவிரோதம் ஆகாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. எனக்கு இந்தத் தீர்ப்பு ஒட்டவே இல்லை. தேதி நடுநிலையானதுதான். ஆனால் அந்தத் தேதியில் கதவு யாருக்குத் திறந்திருந்தது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

ஹார்டிசன், அதே 1977. கிராஃப் வழக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது. கன்சாஸ் சிட்டியில் டிடபிள்யூஏவின் பராமரிப்புத் தளத்தில் உதிரிபாகக் கிடங்கு ஆண்டின் 365 நாளும் இரவு பகலாக இயங்கும். 1967இல் அங்கே கிளார்க்காகச் சேர்ந்தவர் லேரி ஹார்டிசன். அடுத்த ஆண்டு ஒரு கிறிஸ்தவப் பிரிவில் ஈடுபாடு வந்தது. அதன்படி வெள்ளி சூரிய அஸ்தமனம் முதல் சனி அஸ்தமனம் வரை வேலை செய்யக்கூடாது. முதலாம் கட்டடத்தில் இருந்தவரை பிரச்சினை இல்லை. இரவு 11 மணி ஷிப்டுக்கு மாறிக்கொண்டு சனிக்கிழமையைத் தப்பவைத்தார். அவருடைய பணிமூப்பு அதற்குப் போதுமானதாக இருந்தது.

பிறகு பகல் வேலைக்காக அவரே கேட்டு இரண்டாம் கட்டடத்துக்கு மாறினார். இரண்டு கட்டடங்களுக்கும் தனித்தனிப் பணிமூப்புப் பட்டியல். புதிய பட்டியலில் அவர் கடைசிக்கு முந்தையவர். ஒருவர் விடுமுறையில் போனதும் சனிக்கிழமை வேலை ஹார்டிசன் தலையில் விழுந்தது. பட்டியலை மீறி இன்னொருவரை அந்த இடத்தில் போட சங்கம் சம்மதிக்கவில்லை. வேலைக்கு வராத ஹார்டிசன் நீக்கப்பட்டார். அதே கம்பெனி, அதே தளம். ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததற்குப் போனதில் ஒரு கிழமை கைவிட்டுப் போனது.

உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒருவரின் மத வழக்கத்துக்காக மற்றவர்கள் ஒப்பந்தப்படி பெற்ற உரிமையைப் பறிக்கச் சொல்ல முடியாது என்றது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஊழியரின் மத வழக்கத்துக்கு நிர்வாகம் இடம் கொடுக்க வேண்டும், அளவுமீறிய சுமை வந்தால் மட்டும் தேவையில்லை என்பது சட்டம். அற்பமான அளவைத் தாண்டிய எந்தச் செலவும் நிர்வாகத்துக்கு அளவுமீறிய சுமையே என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்துவிட்டது. கீழ் நீதிமன்றங்கள் பணிமூப்பை மறந்துவிட்டு அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டன.

பார்னெட், 2002. யுஎஸ் ஏர்வேஸில் சரக்குக் கையாளும்போது முதுகில் அடிபட்டு, தபால் அறை வேலைக்கு மாறியவர். பிறகு அந்த இடம் பிட்டிங்குக்கு வந்தது, அவரைவிட மூத்தவர்கள் கேட்கத் தயாராக இருந்தார்கள். மாற்றுத்திறனாளிக்கான சட்டப் பாதுகாப்பா, பணிமூப்பா? 5க்கு 4 என்று பிரிந்த நீதிமன்றம், சாதாரணமாகப் பணிமூப்பே வெல்லும் என்றது. ஆனால் நிர்வாகம் தன் விதியைத் தானே அடிக்கடி மாற்றுகிறது, விதிவிலக்குகள் ஏற்கனவே நிறைய உள்ளன என்று ஊழியர் காட்டினால் கதை வேறு. இந்தப் பணிமூப்பு விதி சங்கத்தோடு பேசி வந்ததே இல்லை, நிர்வாகம் தானாக வைத்துக்கொண்டது என்பது பலருக்குத் தெரியாத விவரம்.

## நைட் ஷிப்ட் முழுக்கப் புதியவர்களா?

நிர்வாகத் தரப்பின் நியாயமான புகார் ஒன்று உண்டு. மூத்தவர்கள் எல்லாம் பகலை எடுத்துக்கொண்டால், இரவில் அனுபவமில்லாதவர்கள் மட்டுமே இருப்பார்கள். ஆஸ்பத்திரி வார்டில் நள்ளிரவுக்கு யோசித்துப் பாருங்கள். இதற்குச் சில ஒட்டுப்போடல்கள் பழக்கத்தில் உள்ளன:

1. குறிப்பிட்ட பயிற்சியோ சான்றிதழோ உள்ளவர்தான் ஒரு லைனைக் கேட்கலாம் என்று நிபந்தனை வைப்பது.
2. ரிசர்வ் வேலையை மட்டும் சுழற்சியில் விடுவது. சில விமான நிறுவனங்களில் நடுவரிசைப் பணிப்பெண்களும் சில மாதம் ரிசர்வில் இருப்பார்கள்.
3. தற்காலிகக் காலியிடங்களைக் கீழே உள்ளவர்களுக்குத் திறப்பது. நகர்ப்புறத் தபால்காரர்களின் ஒப்பந்தத்தில், ஒருவர் ஐந்து நாளோ அதற்கு மேலோ இல்லாவிட்டால் நிரந்தர ரூட் இல்லாதவர்கள் பணிமூப்பு வரிசையில் அந்த ரூட்டைக் கேட்டு வாங்கலாம்.
4. இருவர் மனமொத்து ஷிப்ட் மாற்றிக்கொள்ள அனுமதிப்பது. எளியது, பெரும்பாலான நாள் பிரச்சினைகளைத் தீர்ப்பதும் இதுதான்.

## கிராஃபின் ஞாயிறு

இப்போது முதல் செய்திக்குத் திரும்பலாம். கிராஃப் நிரந்தரத் தபால்காரர் இல்லை, அவர்கள் வராத நாளில் அந்த வேலையைப் பார்க்கும் உதவி ஆள். 2013இல் தபால் துறை அமேசான் பார்சல்களை ஞாயிறு பட்டுவாடா செய்ய ஒப்புக்கொண்டது. அந்த வேலையை யார் யாருக்கு எந்த முறையில் கொடுப்பது என்று சங்கத்தோடு 2016இல் ஓர் உடன்பாடு எழுதப்பட்டது. கிராஃப், ஞாயிறு பட்டுவாடா அப்போது இல்லாத ஹோல்ட்வுட் என்ற சின்ன அலுவலகத்துக்கு மாறிப் போனார். 2017இல் அமேசான் அங்கேயும் வந்து சேர்ந்தது.

2023 தீர்ப்பு மாற்றியது எது, மாற்றாதது எது?

1. ‘அற்பமான செலவு’ அளவுகோல் போய்விட்டது. அந்தத் தொழிலின் தன்மையைப் பார்க்கும்போது கணிசமான கூடுதல் சுமை என்று நிர்வாகம் காட்ட வேண்டும்.
2. சக ஊழியர்கள் முணுமுணுக்கிறார்கள் என்பது மட்டும் போதாது. அது தொழில் நடப்பதைப் பாதிக்க வேண்டும். மதத்தின் மீதுள்ள வெறுப்பால் வரும் முணுமுணுப்பு கணக்கிலேயே வராது.
3. ஒப்பந்தப்படி மற்றவர்களுக்கு உள்ள பணிமூப்பு உரிமையைப் பறித்துக் கொடுக்க வேண்டியதில்லை என்ற ஹார்டிசன் தீர்ப்பின் பகுதி அப்படியே நிற்கிறது.

ஆக, மூத்தவரின் லைனை எடுத்து இளையவருக்குக் கொடுக்கும்படி இப்போதும் யாரும் கேட்க முடியாது. ஆனால் ‘மாற்று ஆள் தேடினால் செலவு, ஓவர்டைம் தர வேண்டும்’ என்று சொல்லி ஒரு நிர்வாகம் கதவை மூடுவது பழையபடி எளிது இல்லை. ஹோல்ட்வுட்டில் மொத்தம் ஏழு ஊழியர்கள். பண்டிகை நெருக்கடி மாதங்களில் கிராஃபின் ஞாயிறு பார்சல்களை மற்றவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். பட்டுவாடா தன் வேலையே இல்லாத போஸ்ட்மாஸ்டரும் அவர்களில் ஒருவர். ஏழு பேர் உள்ள இடத்தில் அது கணிசமான சுமையா என்பதைத்தான் புதிய அளவுகோலை வைத்து மறுபடி பார்க்கும்படி உச்ச நீதிமன்றம் கீழே அனுப்பியது.